வெட்டுப்பட்ட வெளியில் ஒரு பெருக்கல்

பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் அணுபுரம் குடியிருப்பில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் பேச்சு அதைப் பற்றியதாகவே இருக்கும். அப்படி ஒரு நாளில் பக்கத்து வீட்டு அம்மையார் என்னைக் கேட்டார்: "சார், என் பொண்ணுக்கும் அவ சிநேகிதிக்கும் ஒரே கட்-ஆஃப். அப்புறம் அவளுக்கு முன்னாடி, இவளுக்குப் பின்னாடி எப்படி ரேங்க் வரும்?"

விடை எளிது. கூட்டு மதிப்பெண் சமமானால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். இப்படியே வரிசையாகச் சென்று, பிறந்த தேதியையும் பார்த்து, அதிலும் தீராவிட்டால் சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முடிவு செய்வார்கள். அம்மையார் சமாதானமாகிப் போய்விட்டார். ஆனால் இந்த விடைக்குள் ஒரு முழு இயற்கணிதமே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அவர் மட்டுமல்ல, கணிதம் படித்தவர்களில் பலரும் வியப்படைவார்கள்.

அந்த இயற்கணிதத்தைப் பற்றிய நூல் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்செலோ அகியார், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்வப்னீல் மகாஜன் ஆகிய இருவரும் எழுதிய 'டாபிக்ஸ் இன் ஹைப்பர்பிளேன் அரேஞ்ச்மெண்ட்ஸ்' என்னும் ஆங்கில நூல் அது. அமெரிக்கக் கணிதக் கழகம் 2017-இல் வெளியிட்டது. அறுநூறு பக்கங்களுக்கு மேல் உள்ள பெரு நூல். மெய்யெண் வெளியில் மீத்தளங்களை அடுக்கி வைக்கும்போது பிறக்கும் இயற்கணித அமைப்புகளை அடிமுதல் ஆராய்கிறது. அதன் நிறைகுறைகளைச் சொல்லுமுன் அது பேசும் பொருளை வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். ஆகவே முதலில் பொருள், பிறகு விமரிசனம் என்ற வரிசையில் செல்வோம்.

கல்லை வெட்டும் கணக்கு

அணுபுரத்திலிருந்து சிறிது வடக்கே உள்ள மாமல்லபுரத்தில் பாறைகளின் மேல் வரிசையாக அமைந்த ஆப்புக் குழிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசைக் குழிகளில் ஆப்பு அடித்தால் பாறை ஏறக்குறைய ஒரு தளத்தின் வழியே பிளக்கும். துண்டுகளை இடம் பெயர்க்காமல் இப்படியே மேலும் மேலும் பிளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிளவில் 2 துண்டுகள், இரண்டில் 4, மூன்றில் 8. நான்காவது பிளவில் 16 கிடைக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிளந்தாலும் 15 துண்டுகளுக்கு மேல் கிடைக்காது. ஐந்தாவதில் 26. இந்த எண்களை யாக்கோப் ஸ்டைனர் என்ற அறிஞர் 1826-இலேயே ஆராய்ந்திருக்கிறார்.

15 எப்படி வந்தது? நான்கு தளங்கள் பொதுவாக அமைந்தால், அவை இரண்டிரண்டாக 6 கோடுகளிலும், மும்மூன்றாக 4 புள்ளிகளிலும் வெட்டிக்கொள்ளும். முழு வெளி 1, தளங்கள் 4, கோடுகள் 6, புள்ளிகள் 4. கூட்டினால் 15. மூன்று தளங்களுக்கு 1+3+3+1 = 8.

வெட்டுகள் தனித்தனி இடங்களில் விழாமல் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தால் இந்தக் கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டும். தளங்கள் வெட்டிக்கொள்வதால் உண்டாகும் கோடு, புள்ளி போன்ற ஒவ்வொன்றையும், தளங்களையும் முழு வெளியையும் கூடச் சேர்த்து, 'வெட்டுவெளி' என்போம். முழு வெளிக்கு 1 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வெட்டுவெளிக்கும், அதன் எண்ணையும் அதை உள்ளடக்கிய பெரிய வெட்டுவெளிகளின் எண்களையும் கூட்டினால் பூச்சியம் வருமாறு ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரு தளத்திற்கு -1 கிடைக்கும். மூன்று தளங்கள் சந்திக்கும் ஒரு பொதுக்கோட்டிற்கு 1-3+2 = 0 என்பதால் 2 கிடைக்கும். கடைசியில் குறிகளை நீக்கிவிட்டு எண்களை மட்டும் கூட்டினால் துண்டுகளின் எண்ணிக்கை வந்துவிடும். பொதுக்கோடு கொண்ட மூன்று தளங்களுக்கு 1+3+2 = 6. புத்தகத்தை நிறுத்தி மூன்று அட்டைகள் ஓர் அச்சில் குறுக்கிடுவதாக எண்ணிப் பாருங்கள், ஆறு இடைவெளிகள்தான் இருக்கும். இந்த விதி எத்தனை பரிமாணத்திலும், எப்படிப்பட்ட வெட்டுகளுக்கும் பொருந்தும் என்பதை தாமஸ் சாஸ்லாவ்ஸ்கி 1975-இல் நிறுவினார்.

1+3+2 என்ற இந்தக் கூட்டலை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரை முழுவதும் அது நம்முடன் வரும்.

மதிப்பெண்களின் வெளி

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அமுதன், பாரி, செல்வி என்று மூன்று மாணவர்கள். மூவரின் மதிப்பெண்களும் சேர்ந்து முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளி. அமுதனும் பாரியும் சமமாக மதிப்பெண் பெற்ற புள்ளிகள் எல்லாம் ஒரு தளத்தில் அமையும். பாரியும் செல்வியும் சமமானால் இன்னொரு தளம். செல்வியும் அமுதனும் சமமானால் மூன்றாவது தளம். மூவரும் சமமாகும் புள்ளிகள் மூன்று தளங்களுக்கும் பொதுவான ஒரு கோடு. ஆக, மேலே கண்ட அதே மூன்று அட்டைகள்!

இத்தளங்கள் வெளியைப் பல பகுதிகளாகப் பிரிக்கின்றன. சமம் ஏதும் இல்லாத தரவரிசைகள் 6. அவை ஆறு இடைவெளிகள், அவற்றை 'அறைகள்' என்பர். இருவர் மட்டும் சமமாக உள்ள தரவரிசைகள் 6. அவை அட்டைகளின் ஆறு சிறகுகள். மூவரும் சமம் என்பது 1, அதுவே அச்சு. மொத்தம் 13 பகுதிகள். இவை ஒவ்வொன்றையும் 'முகம்' என்று அழைப்பர். நான்கு மாணவர்கள் என்றால் நாற்பரிமாண வெளி வேண்டும். கோட்டைப் புள்ளியும், தளத்தைக் கோடும், வெளியைத் தளமும் இரண்டாகப் பிரிப்பது போல் அந்த வெளியை இரண்டாகப் பிரிப்பதையே 'மீத்தளம்' என்கிறோம். அங்கே 6 மீத்தளங்கள், 24 அறைகள், 75 முகங்கள்.

முகத்தை முகத்தால் பெருக்குதல்

கணிதத் தேர்வில் பாரி முதல், அமுதனும் செல்வியும் சமம் என்று கொள்வோம். இயற்பியலில் செல்வி முதல், அமுதனும் பாரியும் சமம். கணிதத்தை முதலில் வைத்து, அதில் தீராத சமத்தை இயற்பியலால் தீர்த்தால் பாரி, செல்வி, அமுதன் என்ற வரிசை கிடைக்கும். இதையே 'கணித முகம் பெருக்கல் இயற்பியல் முகம்' என்கிறோம். மாற்றிப் பெருக்கினால் செல்வி, பாரி, அமுதன் என்று வரும். எனவே இப்பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடையும் மாறும்.

வடிவியலில் இதன் பொருள் மிக அழகானது. முதல் முகத்தில் ஒரு புள்ளியில் நில்லுங்கள். இரண்டாம் முகத்தை நோக்கி ஒரே ஒரு சிற்றடி எடுத்து வையுங்கள். எந்தத் தளத்தையும் தாண்டிவிடாத அளவுக்குச் சிறிய அடி. அப்போது எந்த முகத்தில் இருக்கிறீர்களோ அதுவே பெருக்கற்பலன். பெல்ஜியத்தில் பிறந்த ழாக் டிட்ஸ் (1930-2021) என்ற கணித மேதை தம் ஆய்வுகளில் இப்பெருக்கலைப் பெரிதும் பயன்படுத்தினார். 2008-இல் ஏபெல் பரிசு பெற்றவர் அவர். நூலாசிரியர்கள் இதை அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

இப்பெருக்கலின் விதிகளைப் பாருங்கள். ஒரு முகத்தை அதனாலேயே பெருக்கினால் அதுவேதான். கணிதம், இயற்பியல், மறுபடி கணிதம் என்று பார்ப்பதால் புதிதாக ஒன்றும் நேராது, கணிதம், இயற்பியல் என்பதே போதும். மூவரும் சமம் என்னும் முகம் சமனி. அறைக்குள் நுழைந்துவிட்டால், அதாவது எல்லாச் சமமும் தீர்ந்துவிட்டால், பிறகு எதைப் பெருக்கினாலும் மாற்றம் இல்லை. கலந்தாய்வில் சமவாய்ப்பு எண்ணை ஏன் கடைசியில் வைத்தார்கள் என்பதும் இதனால் விளங்கும். அந்த எண்களின் பட்டியலே ஓர் அறை. அறையால் பெருக்கினால் விடை கட்டாயம் ஓர் அறையாகவே இருக்கும்.

பள்ளியில் பயிலும் குலங்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிர்மறை உண்டு, செய்ததைத் திரும்பப் பெறலாம். இங்கே அது இல்லை. தீர்ந்த சமத்தை மீண்டும் உண்டாக்க முடியாது. எனவே இது குலமன்று, சமனியுடைய அரைக்குலம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குலங்களின் புகழே ஓங்கியிருந்தது. அரைக்குலங்களை ஏழை உறவினராகவே பலர் கருதினர். அக்கருத்து தவறு என்பதற்கு மீத்தளங்கள் தந்த சான்று வலிமையானது. அதை இனிக் காண்போம்.

மேசை மேல் மூன்று புத்தகங்கள்

மேசையில் அ, ஆ, இ என்ற மூன்று புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தடவையும் ஏதேனும் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு அடுக்கின் மேலே வைக்கிறீர்கள். 'அ'வை எடுக்கும் நிகழ்தகவு 1/2, 'ஆ' 1/3, 'இ' 1/6 என்று கொள்வோம். இது எம். எல். செட்லின் என்ற சோவியத் கணித அறிஞரின் பெயரால் வழங்கும் நூலகச் சிக்கல். தொடக்கத்தில் இருந்த அடுக்கின் நினைவு எவ்வளவு விரைவில் மறையும் என்பதே கேள்வி.

'அ'வை மேலே வைப்பது என்பது, 'அ முதல், ஆவும் இயும் சமம்' என்ற முகத்தால் இப்போதைய வரிசையைப் பெருக்குவதே. ஆகவே இச்சிக்கல் முழுவதும் நம் பெருக்கலுக்குள் வந்துவிடுகிறது. ஆறு வரிசைகளுக்கும் ஆறு நிரை, ஆறு நிரல் கொண்ட அணி ஒன்று எழுதி அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டால் விடை கிடைக்கும். பொதுவாக இப்படிப்பட்ட அணிகளின் ஐகன் மதிப்புகளைக் காண்பது கடினம். இங்கோ அவை 1, 1/2, 1/3, 1/6, 0, 0. வெறும் கூட்டலால் வந்துவிடுகின்றன.

எப்படி? ஒவ்வொரு வெட்டுவெளிக்குள்ளும் எந்த முகங்கள் உள்ளனவோ அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டுங்கள். முழு வெளிக்குள் மூன்று முகங்களும் உள்ளன: கூட்டல் 1. ஒவ்வொரு தளத்திற்குள்ளும் ஒரு முகம் உள்ளது: 1/2, 1/3, 1/6. அச்சுக்குள் ஒன்றும் இல்லை: 0. எத்தனை தடவை? முழு வெளிக்கு 1, தளங்களுக்கு 3, அச்சுக்கு 2. அதாவது 1+3+2! துண்டுகளை எண்ண சாஸ்லாவ்ஸ்கி பயன்படுத்திய அதே எண்கள். எந்த மீத்தள அமைப்புக்கும், எந்த நிகழ்தகவுகளுக்கும் இது பொருந்தும் என்பதை பிடிகேர், ஹேன்லன், ராக்மோர் ஆகிய மூவரும் 1999-இல் வெளியிட்டனர். கென்னத் பிரவுன், பெர்சி டயகோனிஸ் ஆகியோர் இதை மேலும் வளர்த்தனர்.

ஐகன் மதிப்பு அறியாதவர்களும் இந்த எண்களின் பொருளை உணரலாம். இரண்டு வெவ்வேறு புத்தகங்களை ஒரு தடவையாவது எடுத்துவிட்டால் பழைய அடுக்கின் நினைவு முற்றும் மறைந்துவிடும். பத்துத் தடவையும் ஒரே புத்தகத்தை எடுத்திருந்தால் மட்டுமே அது எஞ்சும். அதற்கான நிகழ்தகவு 1/2-இன் பத்தாம் அடுக்கு, 1/3-இன் பத்தாம் அடுக்கு, 1/6-இன் பத்தாம் அடுக்கு ஆகிய மூன்றின் கூட்டல். அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. சீட்டுக்கட்டைக் கலைப்பதும் இதே வகைக் கணக்குதான்.

கழித்தலும் பூச்சியமும்

முகங்களைப் பெருக்குவதோடு நில்லாமல், எண்களால் பெருக்கிக் கூட்டவும் கழிக்கவும் அனுமதித்தால் 13 பரிமாணமுள்ள ஓர் இயற்கணிதம் உருவாகும். நூலின் நடுநாயகம் இதுவே. 'யார் முன், யார் பின்' என்பதை மறந்து, 'யாருக்கு யார் சமம்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் 13 முகங்கள் 5 வெட்டுவெளிகளாகச் சுருங்கும். எஞ்சிய 8 பரிமாணம் எங்கே போயிற்று?

'பாரி, செல்வி, அமுதன்' என்ற அறையிலிருந்து 'செல்வி, பாரி, அமுதன்' என்ற அறையைக் கழியுங்கள். இந்த வேறுபாட்டை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள். அறையை எதனால் பெருக்கினாலும் மாறாது என்பதால் எல்லாம் அடிபட்டுப் பூச்சியமே மிஞ்சும். பூச்சியம் அல்லாத ஒன்றைத் தன்னாலேயே பெருக்கினால் பூச்சியம்! மறைந்த 8 பரிமாணமும் இத்தகைய, பெருக்கப் பெருக்கப் பூச்சியமாகிவிடும் உறுப்புகளால் ஆனது.

அவற்றுள் மிக ஆழத்தில் இருப்பவை இன்னும் விந்தையானவை. பாரி, செல்வி, அமுதன் என்பதை பாசெஅ என்று சுருக்கி எழுதுவோம். பாசெஅ - பாஅசெ - செஅபா + அசெபா என்ற உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சமனியைத் தவிர எந்த முகத்தை முன்னால் வைத்துப் பெருக்கினாலும் பூச்சியம் வரும். 'செல்வி முதல், மற்ற இருவரும் சமம்' என்பதை வைத்து வாசகர்களே சரிபார்க்கலாம். முதல் இரண்டும் செபாஅ ஆகி அடிபடும், அடுத்த இரண்டும் செஅபா ஆகி அடிபடும். இவை நார்வே நாட்டு அறிஞர் சோஃபஸ் லீ (1842-1899) பெயரால் வழங்கும் இயற்கணிதத்திலிருந்து வந்தவை. லீ உறுப்புகள் எத்தனை பரிமாணம்? 2. நம் 1+3+2-இன் கடைசி 2!

கல் துண்டுகளை எண்ணியபோது வந்த 2, புத்தக அடுக்கில் 0 இரு முறை வந்த 2, பெருக்கலின் அடியாழத்தில் உள்ள 2. மூன்றும் ஒன்றே. இது தற்செயல் அன்று என்பதை அறிவதே இத்துறையின் பயன்.

நூலின் நிறை

அகியார், மகாஜன் நூல் இரண்டு பாகங்கள் உடையது. ஒவ்வொன்றிலும் எட்டு அத்தியாயங்கள், இறுதியில் ஐந்து பின்னிணைப்புகள். முதற்பாகம் முகம், அறை, கூம்பு, பிறை முதலிய வடிவங்களை விளக்குகிறது. 'பிறை' என்பது இரு பெருவட்டங்களுக்கு இடையே கோளத்தில் அமையும் துண்டு போன்ற வடிவம். இரண்டாம் பாகம் மேற்கூறிய இயற்கணிதத்தைப் பிரித்துப் பார்க்கிறது.

இந்நூலின் தலையாய சிறப்பு அதன் துணிவு. லூயி சாலமன் 1976-இல் கண்ட வியத்தகு இயற்கணிதம் வரிசைமாற்றக் குலத்திற்குள்ளும் அதைப் போன்ற பிரதிபலிப்புக் குலங்களுக்குள்ளும் பிறந்தது. பல ஆண்டுகள் அதைக் குலத்தின் செல்வமாகவே எண்ணினர். இந்நூலாசிரியர்களோ, குலமே இல்லாத, சமச்சீர் ஏதுமில்லாத, தாறுமாறாக வெட்டப்பட்ட வெளியிலும் லீ உறுப்புகள் முதலானவை உண்டு என்று காட்டுகின்றனர். வேருக்கு நீர் குலமன்று, வெட்டுத்தான். மாமல்லபுரத்து ரதத்தின் அளவொத்த வடிவத்திற்கும், உடைந்து கிடக்கும் பாறைக்கும் ஒரே இயற்கணித விதி! இக்கருத்தைப் பதினாறு அத்தியாயங்களிலும் ஆசிரியர்கள் விடாது பற்றி நிற்கின்றனர். பல இடங்களில் சிதறிக் கிடந்த முடிவுகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்த உழைப்புக்கு நாம் தலைவணங்க வேண்டும். அதில் பாதி உழைப்பு மும்பையில் நிகழ்ந்தது என்பது நமக்குப் பெருமையே.

நூலின் குறை

ஆய்வாளருக்கு எழுதிய நூலைப் பார்த்து, பாடநூலாக இல்லையே என்று குறை சொல்வது முறையன்று. அந்தக் குறையை நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு.

முதலாவது, உதாரணம் வரும் இடம். மாணவர் தரவரிசையை ஒத்த வெட்டு அமைப்பு 'பின்னல் அமைப்பு' என்று பெயர் பெற்றது. இத்துறைக்கு அதுவே தாய்வீடு. அதற்கென்று தனி அத்தியாயம் ஆறாவதாகத்தான் வருகிறது. பொதுமையை முதலில் நிறுவிவிட்டு உதாரணத்திற்கு வருவது தருக்க முறைக்குச் சரி. மனித மனம் செல்லும் வழி அதுவன்று. கூம்புகளையும் பிறைகளையும் பிறைகளின் வகைமையையும் கடந்து வந்தவனே அந்த வாசலைக் காண்கிறான்.

இரண்டாவது, பெயர்களின் பெருக்கம். லீ உறுப்பை ஒட்டி 'ஸீ உறுப்பு' என்று ஆசிரியர்கள் ஒரு பெயர் வைக்கின்றனர். டிட்ஸ், பிர்காஃப், ஆய்லர், டிங்கின், வார்செங்கோ, லோவி, பியர்ஸ் என்று பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் பெயர் தெரிந்தால் பொருள் தெரிந்தது என்ற மயக்கத்தை இவை உண்டாக்கும்.

மூன்றாவது, நான் பெரிதாகக் கருதுவது: ஏன் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. பதினாறு அத்தியாயத் தலைப்புகளில் ஒன்றிலேனும் நிகழ்தகவு என்ற சொல் இல்லை. ஆனால் உலகம் இப்பெருக்கலைத் திரும்பிப் பார்த்தது புத்தக அடுக்கும் சீட்டுக்கட்டும் கண்ணில் பட்ட பிறகே. லீ உறுப்புகள் பத்தாம் அத்தியாயத்தில், மூலைவிட்டமாக்கல் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என்று வெவ்வேறு அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. 1+3+2 என்ற சிறு கூட்டலில் இவை கைகோப்பதைப் பத்து வரியில் முகப்பிலேயே சொல்லியிருந்தால், அறுநூறு பக்கப் பயணத்திற்கு அதுவே விளக்காக இருந்திருக்கும்.

நம் பங்குக் குறை

நூலைக் குறை சொல்லி முடித்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் அசமன்பாடுகளை வரைந்து அரைத்தளங்களை நிழலிட மாணவர் கற்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் 'தனிநிலைக் கணிதம்' என்ற பாடத்தில் ஈருறுப்புச் செயலி, சேர்ப்புப் பண்பு, பரிமாற்றுப் பண்பு, சமனி, எதிர்மறை ஆகியவற்றைக் கற்கின்றனர். மீத்தள இயற்கணிதத்திற்கு வேண்டிய இரு பாதிகளும் அவர்கள் கையில் உள்ளன! நடுவே ஓராண்டுச் சுவர். நிழலிட்ட பகுதிகளையே பெருக்கலாம் என்று ஒரு பயிற்சிக் கணக்கு சேர்த்தால் அச்சுவரில் ஒரு கதவு திறக்கும். பரிமாற்றுப் பண்பு இல்லாத, எதிர்மறை இல்லாத, ஆனால் பயனுள்ள செயலிக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? அதுவும், மாணவர் தம் வாழ்வையே தீர்மானிக்கும் என்று நடுங்கும் தரவரிசைப் பட்டியலிலிருந்து!

திருக்கழுக்குன்றத்தை அடுத்த சிற்றூர்களிலிருந்து வரும் தமிழ்வழி மாணவர் சிலரிடம் நான் அமுதன், பாரி, செல்வி கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். முகம், அறை என்ற சொற்களுக்கு அவர்கள் விளக்கம் கேட்கவே இல்லை. வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதை நான் சொல்லுமுன் ஒரு மாணவி சொன்னாள். அதே மாணவியிடம் ஆங்கிலத்தில் உள்ள வரையறையைக் காட்டியபோது, "இது வேற பாடமா சார்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

சொல் இல்லை என்பது பொய்ச் சாக்கு. இத்துறையின் கலைச்சொற்கள் பெரும்பாலும் வீட்டுச் சொற்களே. டிட்ஸ் தம் அமைப்புகளைக் 'கட்டடம்' என்றார். அதற்குள் அறை உண்டு, அறையிலிருந்து அறைக்குச் செல்லும் தாழ்வாரம் உண்டு. முகமும் பிறையும் நம் குழந்தைகளுக்கும் தெரிந்தவை. மேலை நாட்டார் வீட்டுச் சொல்லை எடுத்துக் கணிதம் செய்தார்கள். நாம் அதை மீண்டும் வீட்டுச் சொல்லாக்கத் தயங்குகிறோம்.

தொலைவும் சாக்காகாது. அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் சென்று, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியே வடக்கே போனால் சிறுசேரி வரும். செங்கல்பட்டில் பள்ளிக் கல்வி பயின்ற பேரறிஞர் சி. எஸ். சேஷாத்திரி (1932-2020) 1989-இல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம் 2005 முதல் அங்கே இயங்குகிறது. மீத்தள அமைப்புகளில் ஆய்வு செய்யும் பிரியவ்ரத் தேஷ்பாண்டே அங்கே பணியாற்றுபவர். சாஸ்லாவ்ஸ்கியின் எண்ணும் விதியைத் தட்டையான வெளியிலிருந்து வளைந்த பரப்புகளுக்கும் விரித்து அவர் எழுதிய கட்டுரை 2014-இல் வெளிவந்தது. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் தொலைவில் இந்த ஆய்வு நடக்கிறது. ஆனால் அந்த மாணவிக்கும் அதற்கும் இடையே உள்ள தொலைவைப் பேருந்து கடக்காது. தமிழில் எழுதப்பட்ட இருபது பக்கச் சிறு நூல் ஒன்று கடக்கும்.

அகியார், மகாஜன் நூல் நல்ல நூல், உயர்ந்த நூல், ஆய்வு மாணவர்கள் கட்டாயம் பயில வேண்டிய நூல். கல்லூரி நூலகங்கள் வாங்கி வைக்கலாம். படிப்பவர்கள் ஆறாம் அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு தொடக்கத்திற்கு வரும்படி ஆலோசனை கூறுவேன். கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை தரவரிசைப் பட்டியல் வெளியாகும்போது, வகுப்பில் மூன்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பதின்மூன்று முகங்களையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டைப் பெருக்கிப் பார்க்கட்டும். ஆறு எப்படி 1+3+2 ஆகிறது என்று அவர்களே கேட்கும் வரை காத்திருங்கள்.